பள்ளிக்குப் போன பிள்ளை பத்திரமாய் வீடு திரும்ப

இந்த மாதப் பாடம்: சாலைப் பாதுகாப்பு



நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, சங்கக் கடன், வட்டி, வங்கி இணைப்பு என்று எவ்வளவோ பேசுகிறோம். இந்த மாதம் வேறு ஒரு கணக்கைப் பேசப் போகிறோம். காலையில் தலைவாரி, சாப்பாடு கட்டி அனுப்புகிறோமே, அந்தப் பிள்ளை சாயங்காலம் முழுசாய் வீடு வந்து சேருகிற கணக்கு.

நம் கூட்டமைப்பில் நடந்தது

பள்ளி திறந்த ஜூன் மாதம். நம் குழு உறுப்பினர் ஒருவரின் மகன், ஆறாம் வகுப்பு. அதுவரை உள்ளூரிலேயே படித்தவன், முதல் தடவையாக டவுன் பஸ் ஏறிப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போனான். நாலாம் நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினான். எதிர்ப்பக்கம் அம்மா நிற்பதைப் பார்த்தான். நின்றிருந்த பஸ்ஸின் முன்பக்கமாக ஓடினான். பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிள் அவனைத் தூக்கிப் போட்டது.

உயிருக்கு ஆபத்தில்லை. தொடை எலும்பு முறிந்தது. பதறிப்போய் கிடைத்த ஆட்டோவில் தூக்கிப்போட்டு, முதலில் கண்ணில் பட்ட ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். செலவு 85,000 ரூபாய். சங்கக் கடன் 30,000, அடகு வைத்த நகை, மீதி கைமாற்று. மூன்று மாதம் அந்தச் சகோதரி கூலி வேலைக்குப் போகவில்லை. ஒழுங்காகக் கட்டிவந்த குழுக் கடன் தவணை நின்றது.

பிறகு குழுவில் உட்கார்ந்து பேசியபோதுதான் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, பஸ்ஸை விட்டு இறங்கினால் எப்படிச் சாலையைக் கடக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாருமே சொல்லித் தந்ததில்லை. இரண்டு, விபத்துக்கு முதல் 48 மணி நேரம் அரசுச் செலவில் சிகிச்சை கிடைக்கும் என்பது நம்மில் ஒருவருக்கும் தெரியாது. "தெரிஞ்சிருந்தா நகையாவது மிஞ்சியிருக்கும்" என்றார் அந்தச் சகோதரி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பாடம்.

கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் 9,528 பேர். நாள் ஒன்றுக்கு 26 பிள்ளைகள். ஒரு வகுப்பறையில் உட்காருகிற எண்ணிக்கை அது.

அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம். 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். "அதெல்லாம் பட்டணத்துல நடக்கிறது" என்று நினைக்க வேண்டாம். இன்று நம் ஊர்களை ஒட்டியே நான்குவழிச் சாலை போகிறது. மாட்டு வண்டி போன பாதை தார்ச்சாலை ஆகிவிட்டது. வண்டியின் வேகம் மாறிவிட்டது. நாம் சாலையைக் கடக்கிற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

பிள்ளை பெரியவர்களின் சின்ன உருவம் அல்ல. அதன் கண்ணும் காதும் மனசும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

* உயரம் குறைவு. நிற்கிற பஸ், வைக்கோல் வண்டி, புதர் எதற்குப் பின்னால் நின்றாலும் ஓட்டுநருக்குப் பிள்ளை தெரியாது. பிள்ளைக்கும் வண்டி தெரியாது.

* தூரமும் வேகமும் தெரியாது. வண்டி வருகிறது என்று தெரியும். எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் என்று கணிக்கிற திறமை ஒன்பது, பத்து வயது வரை சரியாக வருவதில்லை.

* கவனம் ஒரே இடத்தில் நிற்கும். எதிர்ப்பக்கம் அம்மாவோ, சிநேகிதனோ, ஐஸ் வண்டியோ தெரிந்தால் நடுவில் சாலை இருப்பதே மறந்துபோகும்.

ஆகவே பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெரிய சாலையில் தனியாகக் கடக்க விடக் கூடாது. கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். விரலைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள், உதறிவிட்டு ஓடிவிடும். நீங்கள் அதன் மணிக்கட்டைப் பிடியுங்கள். இன்னொன்று, பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது எதிர்ப்பக்கம் நின்று கையாட்டாதீர்கள். பஸ் நிற்கிற பக்கமே போய் நில்லுங்கள்.

கயிறு போட்டு ஒரு பாடம்

"மெதுவா போ, பாத்து போ" என்று வாயால் சொன்னால் பிள்ளை காதில் ஏறாது. கண்ணால் காட்ட வேண்டும். வண்டி வராத பள்ளி மைதானத்திலோ களத்திலோ பிள்ளைகளைக் கூட்டி இதைச் செய்து பாருங்கள்.

ஒரு கோடு போடுங்கள். பெரியவர் ஒருவர் அந்த இடத்திலிருந்து எட்டு வைத்து நடக்கட்டும். ஒரு எட்டு ஏறக்குறைய இரண்டரை அடி.

1. 30 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி, ஓட்டுநர் உங்களைப் பார்த்த பிறகு நிற்க சுமார் 45 அடி வேண்டும். 18 எட்டு நடந்து ஒரு கல் வையுங்கள்.

2. 60 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி நிற்க சுமார் 120 அடி வேண்டும். 48 எட்டு நடந்து இன்னொரு கல் வையுங்கள்.

வேகம் இரண்டு மடங்குதான். தூரமோ இரண்டரை மடங்குக்கு மேல். காரணம் இதுதான். ஓட்டுநர் கண்ணால் பார்த்து, காலால் பிரேக்கை மிதிக்கவே ஒரு விநாடி ஆகிறது. 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு விநாடிக்குள் வண்டி 55 அடி ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகும் வேகம் இரட்டித்தால் சறுக்கி நிற்கிற தூரம் நான்கு மடங்காகும். நல்ல பிரேக், காய்ந்த சாலைக்கு இந்தக் கணக்கு. மழை பெய்திருந்தால் இன்னும் தூரம் வேண்டும். "நான் கையைக் காட்டினா வண்டி நின்னுடும்" என்று நினைக்கிற பிள்ளைக்கு, அந்தக் கற்கள் இரண்டும் நல்ல வாத்தியார்.

அடையாள மரம்

அடுத்த பாடம் நம் ஊர்ச் சாலைக்கே உரியது. இரண்டு வண்டி போகிற சாலையின் அகலம் சுமார் 7 மீட்டர். ஒரு பிள்ளை நடந்து கடக்க 7 விநாடி ஆகும். அந்த 7 விநாடியில் 60 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி கிட்டத்தட்ட 400 அடி வந்துவிடும்.

நம் குழுவினர் என்ன செய்தோம் தெரியுமா? பஸ் நிறுத்தத்திலிருந்து சாலை ஓரமாகவே இரண்டு பக்கமும் 160 எட்டு அளந்தோம். ஒரு பக்கம் பெரிய புளியமரம், மறு பக்கம் பம்புசெட் கொட்டகை அடையாளமாகக் கிடைத்தது. "புளியமரத்தைத் தாண்டி வண்டி வந்துட்டா கால எடுத்து வைக்காதே. கொட்டகைக்கு இந்தப்பக்கம் வண்டி இருந்தா நின்னுக்கோ" என்று பெரிய பிள்ளைகளுக்குச் சொன்னோம். அடி, மீட்டர் எல்லாம் மறந்துபோகும், புளியமரம் மறக்காது. உங்கள் ஊரிலும் அளந்து ஒரு அடையாளம் பாருங்கள். வண்டிகள் அதைவிட வேகமாகப் போகிற சாலை என்றால் அடையாளத்தை இன்னும் தள்ளி வையுங்கள்.

பிள்ளைக்குப் பழக்க வேண்டிய ஆறு

1. நில். சாலை விளிம்பில் நிற்க வேண்டும். ஓடிவந்த வேகத்தில் இறங்கக் கூடாது.

2. வலது, இடது, மறுபடி வலது பார். நம் நாட்டில் வண்டிகள் இடது பக்கமாகப் போவதால் நமக்குப் பக்கத்தில் வருகிற வண்டி வலது கைப்பக்கத்திலிருந்துதான் வரும். அதனால்தான் முதலில் வலது. நான்குவழிச் சாலையில் நடுத்திட்டு வந்ததும் நின்று, மறு பாதிக்கு இடது பக்கம் பார்க்க வேண்டும். அங்கே வண்டி இடது கைப்பக்கத்திலிருந்து வரும். ராங் சைடில் வருகிறவர்களும் இருப்பதால் எங்கேயும் இரண்டு பக்கமும் பார்த்தே ஆக வேண்டும்.

3. நடந்து கட. ஓடாதே, பாதி வழியில் திரும்பாதே, செருப்பு கழன்றால் எடுக்கக் குனியாதே.

4. பஸ் போன பிறகு கட. பஸ்ஸின் முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். இறங்கினால் ஓரமாக நில். பஸ் போய் இரண்டு பக்கமும் சாலை தெரிந்த பிறகுதான் கடக்க வேண்டும்.

5. வலது ஓரமாக நட. இதில் நமக்கே குழப்பம் உண்டு. "இடது பக்கமாகச் செல்" என்பது வண்டிக்கான விதி. நடைபாதை இருந்தால் நடைபாதையில் போக வேண்டும். இல்லாத சாலையில் நடந்து போகிறவர்கள் வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் வருகிற வண்டி நமக்குத் தெரியாது. கைகோத்து வரிசையாய்ச் சாலையை அடைத்துக்கொண்டு போகாமல், ஒருவர் பின் ஒருவராகப் போகப் பழக்குங்கள்.

6. இருட்டில் தெரியும்படி போ. டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைக்கு வெளிர் நிறச் சட்டை. பையின் பின்புறமும், சைக்கிள் மட்கார்டிலும் ஒளிரும் ஸ்டிக்கர். சில ரூபாய்ச் செலவுதான். பதினோராம் வகுப்பில் அரசு சைக்கிள் வாங்குகிற பிள்ளைகளுக்கு அன்றைக்கே இதை ஒட்டிவிடுங்கள்.

ஒரு நாள் சொன்னால் போதாது. பத்து நாளாவது பிள்ளையோடு கூட நடந்து, "இப்ப நீ சொல்லு, கடக்கலாமா?" என்று அதன் வாயாலேயே சொல்ல வையுங்கள். முக்கியமாக, நாம் அப்படி நடக்க வேண்டும். இடுப்பில் குடத்தோடு குறுக்கே ஓடுகிற அம்மாவைப் பார்க்கிற பிள்ளை, அம்மா செய்ததைத்தான் செய்யும்.

நம் பக்கத் தவறுகள்

ஓட்டுநரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாம் செய்கிறதையும் பேச வேண்டும் அல்லவா?

தார்ச்சாலையில் உளுந்து, எள், கேழ்வரகு காயப் போடுகிறோம். வண்டி ஏறினால் பருப்பு உடையும் என்று சுற்றிக் கல்லும் வைக்கிறோம். வண்டிக்காரர் அதை விட்டு ஒதுங்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளை நடக்கிற ஓரத்துக்குத்தான் வருகிறார். ராத்திரி அந்தக் கல்லை எடுக்க மறந்தால் இரண்டு சக்கர வண்டிக்காரர் உயிர் போகும். ஊராட்சியில் உலர்களம் கேட்டு வாங்குவோம். சாலையில் காயப் போடுவதை நிறுத்துவோம்.

பதினாறு வயசுப் பையன் கையில் பைக் சாவியைக் கொடுக்கிறோம். "கடைக்குத்தானே போறான்" என்கிறோம். கியர் வண்டி ஓட்ட 18 வயது நிரம்ப வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டிரைவர் வேலை, டெலிவரி வேலை எல்லாம் கைவிட்டுப் போகும்.

ஹெல்மெட் அப்பாவுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். சட்டப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம், பின்னால் உட்காருகிற நமக்கும்தான். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஏற்றினால் குழந்தைக்கான ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு இணைத்துக் கட்டுகிற பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் உள்ளது. பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைப்பதை இன்றோடு விடுவோம். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுவோம். சக்கரத்தில் சிக்கி விழுந்த சகோதரிகள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள்.

கட்டணம் குறைகிறது என்று ஒரே ஆட்டோவில் பிள்ளைகளை அடைத்து அனுப்புகிறோம். தொங்கிக்கொண்டு போகிற பை நம் பிள்ளையுடையது என்றால் மிச்சம் பிடித்த நூறு ரூபாயால் என்ன பயன்?

பள்ளி வாகனத்தைக் கேள்வி கேளுங்கள்

2012 ஜூலையில் சென்னைப் புறநகரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் சென்னையில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு சிறுவன் இறந்தான். அந்த ஆண்டே முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் ஆள் இருந்தால் எச்சரிக்கும் சென்சாரும் வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தாயின் அழுகை இருக்கிறது. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: வண்டியில் உதவியாளர் உண்டா? அவர் இறங்கிப் பிள்ளையைக் கடத்தி விடுகிறாரா? தகுதிச் சான்று நடப்பில் உள்ளதா? நீங்களே ஒரு நாள் வண்டிக்குள் ஏறித் தளத்தையும் கதவையும் பாருங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

* முதலில் 108. ஆட்டோவில் மடக்கித் தூக்கிப் போடாதீர்கள். கழுத்தோ முதுகோ அடிபட்டிருந்தால் அசைப்பதே ஆபத்து. தீயோ வேறு ஆபத்தோ இருந்தால் மட்டும் நகர்த்துங்கள்.

* ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். வாயில் தண்ணீர், சோடா ஊற்ற வேண்டாம்.

* "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து ஒதுங்காதீர்கள். உதவி செய்கிறவரைக் கட்டாயப்படுத்திப் பெயர் கேட்கவோ சாட்சியாக்கவோ கூடாது என்று 2016 மார்ச் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 சட்டத் திருத்தத்திலும் இந்தப் பாதுகாப்பு சேர்ந்துவிட்டது.

* "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தைக் கேளுங்கள். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், வெளி மாநிலத்தவராக இருந்தாலும் உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். உங்கள் வட்டாரத்தில் எந்தெந்த மருத்துவமனை என்று முன்கூட்டியே கேட்டு, குழுத் தீர்மானப் புத்தகத்தின் பின்அட்டையில் எழுதி வையுங்கள்.

* காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் 1 முதல், சாவுக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று உட்கார வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

தனியாகப் போய்க் கேட்டால் "பாக்கலாம்மா" என்பார்கள். குழுவாகப் போனால் நாற்காலி போடுவார்கள். இது நாம் வங்கியிலேயே கற்ற பாடம்.

முதலில் சாலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள். ஊர்த் தெரு என்றால் ஊராட்சி. ஊர்களை இணைக்கிற சாலை ஊராட்சி ஒன்றியத்தினுடையதாகவோ மாநில நெடுஞ்சாலைத் துறையினுடையதாகவோ இருக்கும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணுக்கே புகார் சொல்லலாம். கேட்கிற இடம் தவறினால் மனு ஆறு மாதம் சுற்றும்.

பிறகு ஊர்ச் சாலையில் ஒரு நாள் காலையும் மாலையும் நடந்து பாருங்கள். பள்ளிக்கு எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா? வேகத்தடைக்கு வெள்ளைப் பட்டை இருக்கிறதா? வளைவில் சீமைக்கருவேலம் மறைக்கிறதா? பஸ் நிறுத்தத்தில் தெருவிளக்கு எரிகிறதா? எழுதிக்கொள்ளுங்கள். நாமாகக் கல்லும் மண்ணும் போட்டு வேகத்தடை கட்டக் கூடாது. இருட்டில் அதுவே ஆளைக் கொல்லும்.

அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக எழுத வையுங்கள். அசையாவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பது நாம்தான். பள்ளி விடுகிற நேரத்தில் ஆசிரியர் ஒருவர் வாசலில் நிற்கவும், பிள்ளைகளைப் பகுதி பகுதியாக அனுப்பவும் அங்கே பேசி முடிவெடுக்கலாம்.

எங்கள் குழுவில் ஒரு முறை வைத்திருக்கிறோம். காலை பஸ்ஸுக்கும் மாலை பஸ்ஸுக்கும் இரண்டு உறுப்பினர்கள் முறை போட்டு நிறுத்தத்தில் நிற்கிறார்கள். கையில் ஒரு சிவப்புத் துணி. வண்டி நின்றால்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள், நிற்காத வண்டிக்கு முன்னால் யாரும் இறங்குவதில்லை. பன்னிரண்டு பேர் குழுவில் ஆறு நாளுக்கு ஒரு முறைதான் ஒருவருக்கு வரும். அடிபட்ட பிள்ளையின் அம்மா தன் முறையை இன்றுவரை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பையன் இப்போது லேசாகக் காலைச் சாய்த்து நடக்கிறான். தம்பி, தங்கைகளுக்குப் புளியமரத்தைக் காட்டிக் கொடுப்பவன் அவன்தான்.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் ஊர்ப் பிள்ளைகள் எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறார்கள்? அங்கே என்ன ஆபத்து?

2. நம் ஊருக்கு அடையாள மரம் எது? யார் அளப்பது?

3. நம் வீட்டில் 18 வயது ஆகாத யார் வண்டி ஓட்டுகிறார்கள்?

4. 48 மணி நேர இலவச சிகிச்சை தருகிற, நமக்குப் பக்கத்து மருத்துவமனை எது?

5. அடுத்த கிராம சபையில் எந்தக் கோரிக்கையை வைப்போம்? எழுதுகிறவர் யார், வாசிக்கிறவர் யார்?

பேசி முடித்ததும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். என்ன செய்தீர்கள் என்று அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் உங்கள் ஊக்குநர் வந்து சொல்லட்டும். கடன் பாக்கியை அடுத்த தவணையில் கட்டிக்கொள்ளலாம். பிள்ளையின் உயிருக்கு அடுத்த தவணை கிடையாது, சகோதரிகளே.